கியர் பல் உடையாமல் உழைக்க: ஸ்டீல் வாங்குவதிலிருந்து கிரைண்டிங் வரை

ஒரு கியர்பாக்ஸில் பினியன் (ஜோடியில் உள்ள சின்ன கியர்) பல் உடைந்தால் முதலில் வரும் கேள்வி "என்ன மெட்டீரியல்?" என்பதுதான். இ.என்.8 ஸ்டீல் என்று பதில் வந்தால், "அடுத்த தடவை இ.என்.24 போட்டுடலாம்" என்று பேச்சு முடிந்துவிடும். சில சமயம் அது பலிக்கும். ஆனால் ஒரே ஸ்டீல், ஒரே டிராயிங், இரண்டு பட்டறை என்றால் ஒரு பினியன் வருடக்கணக்கில் ஓடுவதும், இன்னொன்று சில மாதத்தில் பல்லை உதிர்ப்பதும் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லையைத்தான் ஸ்டீலின் பெயர் சொல்லும். அந்த எல்லை வரை போனோமா, பாதியிலேயே நின்றுவிட்டோமா என்பது வேறு இரண்டு இடங்களில் முடிவாகிறது: ரூட் ஃபில்லட் என்று சொல்கிற பல்லின் அடி வளைவு, பல் முகத்துக்குக் கீழே உள்ள முதல் ஒரு மில்லிமீட்டர். ஃபர்னஸும் ஹாப்பும் (பல் வெட்டும் கருவி) கிரைண்டிங் வீலும் அந்த இரண்டு இடத்துக்கும் என்ன செய்தன என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கியர் டிராயிங் போடவோ, ஆர்டர் கொடுக்கவோ, வந்த சரக்கைச் சோதித்து எடுக்கவோ புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: 4 மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் அளவு, மி.மீ.-இல்), 20 பல், 1440 ஆர்.பி.எம். மோட்டாரோடு நேராக இணைந்த ஒரு பினியன்.

படி 1: பல் எப்படிப் போனது என்று பாருங்கள்

உலோகம் ஒரே அடியில் உடைய எவ்வளவு விசை வேண்டுமோ, அதைவிட மிகக் குறைந்த விசையே திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடும். இதுதான் ஃபட்டீக். ஜெர்மனியில் ரயில் அச்சுகள் உடைவதை ஆராய்ந்த ஆகஸ்ட் வோலர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதை முறையாகச் சோதித்துக் காட்டினார். கியரில் இது இன்னும் வேகமாக நடக்கும். நம் பினியனின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை சுமை வாங்குகிறது. ஒரு நாள் முழுக்க ஓடினால் 20,73,600 தடவை. கேஸ் ஹார்டனிங் செய்த, அதாவது தோலை மட்டும் கடினமாக்கிய, பல்லின் அடி வளைவுக்கு ஐ.எஸ்.ஓ. 6336 தரநிலை 30 லட்சம் தடவையை முழங்கால் புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. அதாவது அதற்கு மேல் ஆயுள் கோடு (எத்தனை தடவைக்கு எவ்வளவு சுமை தாங்கும் என்ற வரைபடம்) கிட்டத்தட்ட படுத்துவிடும். நம் பினியன் ஒன்றரை நாளில் அதைத் தாண்டிவிடுகிறது. பல் முகத்துக்கு அந்தப் புள்ளி 5 கோடி. அதுவும் 24 நாளில் முடிந்தது. ஆகவே மோட்டார் பக்கத்துப் பினியனுக்கு "கொஞ்ச காலம் தாங்கினால் போதும்" என்ற கணக்கே எடுபடாது. அதே கியர்பாக்ஸின் கடைசி ஷாஃப்ட் 30 ஆர்.பி.எம். என்றால், அங்குள்ள கியர் 5 கோடியைத் தொட மூன்று வருடத்துக்கு மேல் ஆகும்.

உடைந்த பல் கையில் கிடைத்தால் முறிந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்காதீர்கள். எல்லோருக்கும் கை அப்படித்தான் போகும். ஆனால் படிக்க வேண்டிய தடயம் அதில் தேய்ந்துவிடும். மண்ணெண்ணெயில் மெதுவாகக் கழுவி, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஃபட்டீக் முறிவு என்றால் ஒரு பகுதி வழவழப்பாக, அலை இறங்கிய மணலில் இருப்பதுபோல் வளைந்த கோடுகளோடு இருக்கும். மீதிப் பகுதி சொரசொரவென்று, கடைசியில் ஒரே அடியில் பிய்ந்ததாக இருக்கும். முகம் முழுக்கச் சொரசொரப்பு என்றால் அது பெரும்பாலும் ஓவர்லோடு. அதற்கு ஸ்டீலை மாற்றிப் பயனில்லை. என்ன சிக்கியது, எது அடித்தது என்று தேட வேண்டும்.

அந்த வளைந்த கோடுகள் எந்தப் புள்ளியை மையமாக வைத்து விரிகின்றன என்று அடுத்து பாருங்கள். சுமை வாங்கும் பக்கத்து அடி வளைவின் மேற்பரப்பில் மையம் இருந்தால் அது வளைவு ஃபட்டீக். பல் முகத்தில் உள்ள ஒரு குழியிலிருந்து கிளம்பியிருந்தால் பிட்டிங்தான், அதாவது முகத்தில் சிறு குழிகள் விழுவதுதான், மூலம். பல் உயரத்தின் நடுவாக்கில், தோலுக்கு உள்ளே எங்கோ தொடங்கியிருந்தால் கேஸ் (கடினமாக்கிய தோல்) ஆழமோ உள்பகுதியின் பலமோ பற்றாமல் போயிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு.

பிட்டிங் பொதுவாகப் பிட்ச் கோட்டுக்கு (பல் உயரத்தின் நடுவாக்கில் இரண்டு கியரும் வழுக்காமல் உருளும் கோடு) சற்றுக் கீழே, அடிப்பக்கமாகத் தொடங்கும். அங்கே உருளலும் வழுக்கலும் எதிரெதிராக நடப்பதால் மேற்பரப்பு விரிசல் வாய் திறக்கிறது, ஆயில் உள்ளே புகுந்து அதை அழுத்தி வளர்க்கிறது. பெரிய கியரைவிடப் பினியனுக்கே இது முதலில் வரும், அது அதிகம் சுற்றுவதால்.

இடையில் வரும் ஐட்லர் கியரைத் தனியாகக் கவனியுங்கள். அதன் பல் இரண்டு பக்கமும் வளைகிறது. அதனால் வளைவுக்கு அனுமதிக்கும் அழுத்தத்தைச் சுமார் 0.7 மடங்காகக் குறைத்துக்கொள்வது வழக்கம். இதை மறந்து, "மத்த கியர் எல்லாம் நல்லா இருக்கு, இது மட்டும் உடையுது" என்று ஸ்டீலைக் குறை சொல்பவர்கள் நிறைய.

படி 2: ஸ்டீலில் இரண்டு குடும்பம், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

நம் ஊர்ப் பட்டறைகளில் புழங்கும் இ.என்.8, இ.என்.19, இ.என்.24, இ.என்.353 எல்லாம் பி.எஸ். 970 என்ற பழைய பிரிட்டிஷ் தரநிலையின் எண்கள்; இன்றைய ஐரோப்பியத் தரநிலையின் இ.என். வேறு. வெளிநாட்டு டிராயிங் வரும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் குடும்பம் முழுவதையும் ஒரே மாதிரி கடினமாக்கி, அதாவது ஹார்டனிங்-டெம்பரிங் (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, பிறகு மிதமாகச் சூடாக்குவது) செய்து, அப்புறம் பல் வெட்டுவது. இ.என்.8, இ.என்.19, இ.என்.24 இதில் வரும். ஹாப்பில் வெட்ட வேண்டும் என்பதால் கடினம் பொதுவாக 30 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடின அளவு) சுற்றிலேயே நிற்கும். இரண்டாவது குடும்பம் குறைந்த கார்பன் ஸ்டீலில் பல் வெட்டிவிட்டு, தோலுக்கு மட்டும் கார்பன் ஏற்றிக் (இதுதான் கார்பரைசிங்) கடினமாக்குவது. 20 எம்.என்.சி.ஆர்.5, இ.என்.353, எஸ்.ஏ.இ. 8620, 18 சி.ஆர்.என்.ஐ.எம்.ஓ.7-6 ஆகியவை இந்தக் குடும்பம்.

வித்தியாசம் எவ்வளவு? ஐ.எஸ்.ஓ. 6336-இன் 5-ஆம் பகுதியில், நடுத்தர எம்.க்யூ. தரத்தில், கார்பரைசிங் செய்த பல்லின் முகம் ஒரு சதுர மி.மீ.க்கு 1500 நியூட்டன் தொடு அழுத்தம் தாங்கும் என்று கொடுத்திருக்கிறது. 300 விக்கர்ஸ் கடினத்துக்குத் தயாரான இ.என்.19 மாதிரி ஸ்டீலுக்கு அது சுமார் 770. இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் தொடு அழுத்தம் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறும். அழுத்தத்தில் இரண்டு மடங்கு என்றால் சுமையில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதே அளவுப் பல், நான்கு மடங்கு சுமை! பிட்டிங்தான் பிரச்சினை என்றால், இ.என்.8-இலிருந்து இ.என்.24-க்குத் தாவுவதைவிட கேஸ் ஹார்டனிங்குக்கு மாறுவதே பெரிய தாவல்.

கேஸ் ஹார்டனிங் குடும்பத்துக்குள் எதை எடுப்பது என்பது பல்லின் பருமனைப் பொறுத்தது. குவெஞ்ச் செய்யும்போது, அதாவது சூட்டோடு ஆயிலில் முக்கிச் சட்டென்று குளிர்விக்கும்போது, பல்லின் உள்பகுதியும் ஓரளவு கடினமாக வேண்டும், பொதுவாக 30-லிருந்து 40 எச்.ஆர்.சி. வரை. சின்ன, நடுத்தர மாட்யூலுக்கு 20 எம்.என்.சி.ஆர்.5 தாராளமாகப் போதும். மாட்யூல் பெரிதாக ஆக, நடுப்பகுதி மெதுவாகக் குளிரும். நிக்கலும் மாலிப்டினமும் சேர்ந்த ஸ்டீல் தேவைப்படும். காற்றாலை கியர்பாக்ஸ்களில் 18 சி.ஆர்.என்.ஐ.எம்.ஓ.7-6 அடிக்கடி காணப்படுவது இதனால்தான். நம் 4 மாட்யூல் பினியனுக்கு 20 எம்.என்.சி.ஆர்.5 அல்லது இ.என்.353 போதும். விலை அதிகமான ஸ்டீல் எப்போதும் நல்லது என்று நினைத்து இதற்கு மேலே போவது வீண் செலவு என்பது என் கருத்து; அந்தக் காசைக் கீழே சொல்லப்போகும் விஷயங்களில் போடலாம்.

படி 3: பெயர் சரி, சுத்தம் எப்படி?

சாதாரண கடினத்தில் ஸ்டீலின் ஃபட்டீக் பலம் கடினத்தோடு சேர்ந்து ஏறும். சுமார் 400 விக்கர்ஸ் தாண்டியதும் அந்த உறவு அறுந்துபோகிறது. அதற்கு மேல், ஸ்டீலுக்குள் சிக்கிய சிறு கசடுகள், அதாவது இன்க்ளூஷன்கள், எவ்வளவு பெரியவை என்பதுதான் பலத்தைத் தீர்மானிக்கும். ஜப்பானிய ஆய்வாளர் முராகாமி இதைக் கணக்காகவே வடித்துக் கொடுத்திருக்கிறார். நம் பல்லின் தோலோ 700 விக்கர்ஸ். ஆகவே கடினமாக்க ஆக்க, அழுக்கு ஸ்டீலின் அழுக்கு மேலும் வெளிப்படும்.

வாங்கும்போது செய்ய வேண்டியது எளிது. டி.சி. என்கிற டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் கார்பன், மாங்கனீஸ் மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். வேக்குவம் டீகேஸிங் செய்த (வெற்றிடத்தில் வாயு நீக்கிய) ஸ்டீலா, இன்க்ளூஷன் ரேட்டிங் கொடுத்திருக்கிறார்களா, ஜோமினி கடினத் திறன் (குவெஞ்சில் எவ்வளவு ஆழம் வரை கடினமாகும் என்ற சோதனை) இருக்கிறதா, கிரெய்ன் சைஸ், அதாவது ஸ்டீலின் படிகத் துகள் அளவு எண், 5 அல்லது அதைவிட நுண்மையா என்று பாருங்கள். எம்.க்யூ. தரத்துக்கு ஆக்சிஜன் 25 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் போகக் கூடாது. இன்க்ளூஷன் ரேட்டிங்கில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை வரும். ஃபட்டீக் கண்ணோட்டத்தில் பி வகை அலுமினாவும் டி வகை உருண்டை ஆக்சைடும்தான் மோசம். ஏ வகை சல்ஃபைடு வெட்டுவதற்குச் சுலபமாக்கும் என்பதால் மெஷின் ஷாப்பில் அதை விரும்புவார்கள். ஆனால் அது நீண்ட நார்போலப் படுத்துக் கிடக்கும், குறுக்காக இழுத்தால் பலவீனம்.

குறுக்காக என்றதும் ஃபோர்ஜிங் ஞாபகம் வர வேண்டும். உருட்டிய பாரை அறுத்துக் கியர் செய்தால் நார்கள் ஷாஃப்டுக்கு இணையாக ஓடும். பல்லை வளைக்கும் விசையோ அந்த நார்களுக்குக் குறுக்கே இழுக்கும். அதே பாரை உயரவாக்கில் அடித்துத் தட்டையாக்கும் அப்செட் ஃபோர்ஜிங்கில் நார்கள் ஆரத்தின் திசையில் திரும்பிப் பல்லுக்குள் போகும். ஒன்றிரண்டு பினியனுக்கு ஃபோர்ஜிங் கட்டுப்படியாகாது, பாரிலேயே வெட்டலாம். நூற்றுக்கணக்கில் செய்யும்போது, அதுவும் அதிர்வுச் சுமை உள்ள இடத்துக்கு என்றால், ஃபோர்ஜிங்கை யோசியுங்கள். ஃபோர்ஜிங்குக்குப் பிறகு நார்மலைசிங்கோ ஐசோதெர்மல் அனீலிங்கோ (இரண்டும் ஸ்டீலின் உள் அமைப்பைச் சீராக்கும் சூடாக்கல்) கட்டாயம். அதைத் தவிர்த்தால் வெட்டும்போது தெரியாது. கார்பரைசிங் முடிந்து கியர் கோணிக்கொண்டு வரும்போது தெரியும்.

படி 4: பல் வெட்டும்போது அடி வளைவைக் காப்பாற்றுங்கள்

வில்ஃப்ரெட் லூயிஸ் 1892-இல் பல்லை ஒரு முனை பிடித்த உத்தரமாக எடுத்துக்கொண்டு கொடுத்த சூத்திரத்தைக் கல்லூரியில் எல்லோரும் படித்திருப்போம். அடி வளைவில் அழுத்தம் குவிவதை அது கணக்கில் எடுப்பதில்லை. ஃபட்டீக்குக்கோ அந்தக் குவிப்புதான் எல்லாமே.

அந்த வளைவை உருவாக்குவது ஹாப்பின் முனை ரேடியஸ். ஐ.எஸ்.ஓ. 53-இன் ஏ வகை அமைப்பில் அது மாட்யூலின் 0.38 மடங்கு, சி வகையில் 0.25 மடங்கு. நம் 4 மாட்யூலுக்கு 1.52 மி.மீ. அல்லது 1 மி.மீ. டிராயிங்கில் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்டாண்டில் எந்த ஹாப் இருக்கிறதோ அதில் வெட்டிவிடுவார்கள். ரீ-ஷார்ப்பனிங் ஆகி முனை தேய்ந்த ஹாப்பாகவும் இருக்கலாம். பெரிய ரேடியஸ் கேட்பதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது, கேட்டால் போதும்.

அப்புறம் கிரைண்டிங் செய்யப்போகும் கியரை சாதாரண ஹாப்பில் வெட்டக் கூடாது. புரோட்டியூபரன்ஸ் ஹாப் என்று ஒன்று உண்டு. அது பல்லின் அடியில் சிறு பள்ளம் விட்டு வெட்டும். பிறகு கிரைண்டிங் வீல் பல் முகத்தை மட்டும் தேய்த்து, அடி வளைவைத் தொடாமல் வெளியேறும். சாதாரண ஹாப்பில் வெட்டினால் வீல் அடி வளைவுக்கு மேலே ஒரு படியை விட்டுவிடும். ஏற்கெனவே அழுத்தம் குவியும் இடத்தில் இன்னொரு வெட்டு. கையால் தடவிப் பார்த்தாலே நகத்தில் மாட்டும். வந்த சரக்கில் இந்தப் படி இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பல்லின் இரு பக்க ஓரங்களையும் பிசிர் எடுத்துச் சாம்ஃபர் (ஓரத்தைச் சரித்து மழுக்குவது) செய்யச் சொல்லுங்கள். கூர்மையான ஓரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் கார்பன் ஏறி, கண்ணாடி மாதிரி உடையும் அளவுக்குக் கெட்டியாகிவிடும்.

படி 5: ஃபர்னஸுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

வாயுவில் செய்யும் கார்பரைசிங் வழக்கமாக 920–930 டிகிரி செல்சியஸில் நடக்கும். தோலில் கார்பன் 0.7–0.9 சதவீதம் வரும்வரை வைத்து, 830–850 டிகிரிக்கு இறக்கி, ஆயிலில் குவெஞ்ச் செய்து, உடனே 150–180 டிகிரியில் டெம்பர் செய்வார்கள். தோல் 58–62 எச்.ஆர்.சி. வரும்.

பலருக்கும் தெரிந்தது கடினம். தெரியாதது அமுக்க அழுத்தம். குவெஞ்சில் ஸ்டீல் மார்டன்சைட் என்ற கெட்டியான அமைப்பாக மாறும்போது கொஞ்சம் விரிவடையும். கார்பன் அதிகமான தோல் மிகக் குறைந்த வெப்பநிலையில்தான் மாறத் தொடங்கும். கார்பன் குறைந்த உள்பகுதி அதற்கு முன்பே மாறி இறுகிவிட்டிருக்கும். கடைசியாக விரிய முயலும் தோலை உள்பகுதி விடுவதில்லை. அதனால் தோல் எப்போதும் அமுக்கத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து வரும் இழுவிசை முதலில் அந்த அமுக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் விரிசலைத் திறக்க முடியும். கார்பரைசிங் செய்த பல்லின் வளைவு பலத்தில் பெரிய பங்கு இதற்குத்தான். இதைக் கெடுக்கும் எந்த வேலையும் பல்லைக் கெடுக்கும்.

கேஸ் ஆழத்தை எப்படிச் சொல்வது? கடினம் 550 விக்கர்ஸுக்கு இறங்கும் ஆழத்தைத்தான் கேஸ் டெப்த் என்று டிராயிங்கில் குறிக்க வேண்டும். மாட்யூலில் 0.15 முதல் 0.25 மடங்கு என்பது நல்ல தொடக்கம். நம் பினியனுக்கு 0.2 மடங்கு என்றால் 0.8 மி.மீ. ஆனால் இது கிரைண்டிங் முடிந்த பிறகு இருக்க வேண்டிய ஆழம். ஒரு முகத்துக்கு 0.15 மி.மீ. கிரைண்டிங் போனால், ஃபர்னஸிலிருந்து வரும்போது 0.95 இருக்க வேண்டும். டிராயிங்கில் "கேஸ் டெப்த் 0.8–1.0, கிரைண்டிங்குக்குப் பின்" என்று எழுதுங்கள். கடைசி இரண்டு சொல் இல்லாததால் வந்த சண்டைகள் ஏராளம்.

ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். இரண்டு மடங்கு ஆழம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் ஃபர்னஸில் கிடக்க வேண்டும். மணிக்கணக்கில் ஃபர்னஸ் ஓடுவது செலவு என்பதால், கட்டுப்பாடு இல்லாத இடத்தில் முதலில் குறைவது நேரம்தான். ஆழம் பற்றாவிட்டால் பல் முகத்தின் கீழே, தோலும் உள்பகுதியும் சேரும் இடத்தில் நசுங்கி, தோல் செதிலாக உரியும். மிக ஆழமாகப் போனாலும் ஆபத்து. பல் நுனியில் இரண்டு பக்கத்துக் கேஸும் சந்தித்து, நுனி முழுக்க ஒரே கெட்டியாகி உதிரும்.

ஃபர்னஸ் ஆட்களிடம் கேட்க வேண்டிய மூன்று விஷயம் உண்டு. கார்பன் பொட்டென்ஷியல் (ஃபர்னஸ் வாயு தோலில் ஏற்றக்கூடிய கார்பன் அளவு) அதிகமாகப் போனால் கிரெய்ன்களின் எல்லையில் கார்பைடு வலைபோல் பின்னிக்கொள்ளும். விரிசல் அந்த வழியில் சுலபமாக ஓடும். அதே காரணத்தால் ரிட்டெய்ன்ட் ஆஸ்டனைட்டும், அதாவது மார்டன்சைட்டாக மாறாமல் தங்கிய பகுதியும், கூடும். கொஞ்சம் இருந்தால் பல் முகத்துக்கு நல்லதே, ஆனால் 25–30 சதவீதம் தாண்டினால் தோல் மிருதுவாகிவிடும். மூன்றாவது, உள் ஆக்சிடேஷன். ஃபர்னஸ் வாயுவில் உள்ள ஆக்சிஜன் ஸ்டீலிலுள்ள குரோமியம், மாங்கனீஸ், சிலிக்கானைப் பிடித்துக்கொண்டு, தோலின் முதல் 10–20 மைக்ரானில் மெல்லிய மிருதுவான படலத்தை உண்டாக்கும். பல் முகத்தில் கிரைண்டிங் அதை எடுத்துவிடும். அடி வளைவைக் கிரைண்டிங் தொடுவதில்லையே, அங்கே அது அப்படியே இருக்கும், அதுவும் விரிசல் கிளம்பும் இடத்திலேயே. வேக்குவமில் செய்யும் குறைந்த அழுத்தக் கார்பரைசிங்கில் இந்தப் படலம் வருவதே இல்லை. விலை அதிகம்தான். வளைவு ஃபட்டீக்தான் உங்கள் பிரச்சினை என்றால் விசாரித்துப் பார்க்கலாம்.

இண்டக்ஷன் ஹார்டனிங் (மின்காந்தச் சுருளால் மேற்பரப்பைச் சூடாக்கிக் கடினமாக்குவது), நைட்ரைடிங் (தோலில் நைட்ரஜன் ஏற்றுவது) பற்றியும் கேட்பார்கள். இண்டக்ஷனில் ஒரே ஒரு விதி: கடினமான படலம் பல் முகத்தோடு நின்றுவிடாமல் அடி வளைவையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அடி வளைவுக்கு அருகில் முடிந்தால், முடியும் இடத்தில் இழுவிசை தங்கி, கடினமாக்காத பல்லைவிட மோசமாகிவிடும். நைட்ரைடிங் 500–530 டிகிரியில் நடப்பதால் கியர் கோணாது. உள்பல் ரிங் கியருக்கு அருமையான வழி. ஆனால் படலம் மெல்லியது. திடீர் அதிர்ச்சிச் சுமை வரும் இடத்தில் அதை நம்ப வேண்டாம்.

படி 6: கிரைண்டிங் கொடுப்பதும் கெடுப்பதும்

கிரைண்டிங் செய்தால் துல்லியம் கூடும், சுமை பல்லின் அகலம் முழுக்கப் பரவும், பிட்டிங் தள்ளிப்போகும். அதே வீல் ஒரு நொடி அதிகம் அழுத்தினாலோ, கூலன்ட் சரியாகப் படாவிட்டாலோ, 170 டிகிரியில் டெம்பர் ஆன தோலை நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்கிவிடும். அங்கே கடினம் இறங்கும், அமுக்க அழுத்தம் போய் இழு அழுத்தம் வரும். இதுதான் கிரைண்டிங் பர்ன். வெறும் கண்ணுக்குப் பல் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க நைட்டல் எட்ச் சோதனை இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 14104 இதன் முறையைச் சொல்கிறது. எண்ணெய்ப் பசை நீக்கிய கியரை 3–5 சதவீத நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் சில வினாடிகள் முக்கி, கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெளுத்து, நடுநிலையாக்கி, எண்ணெய் பூசிவிடுவார்கள். நல்ல பல் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக வரும். பழுப்பு, கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் அங்கே தோல் மிருதுவாகியிருக்கிறது. வெள்ளைத் திட்டும் அதைச் சுற்றிக் கறுப்பு வளையமும் தெரிந்தால் இன்னும் மோசம். அந்த இடம் மறுபடி குவெஞ்ச் ஆகும் அளவுக்குச் சுட்டிருக்கிறது, டெம்பர் ஆகாத மார்டன்சைட் அது. அதற்குப் பழுது பார்ப்பு கிடையாது. கலவையைச் செய்யும்போது கவனம்: 5 சதவீதத்துக்கு மேல் நைட்ரிக் அமிலம் சேர்த்த ஆல்கஹாலை மூடிய பாட்டிலில் வைத்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

படி 7: ஷாட் பீனிங் வேறு, ஷாட் பிளாஸ்டிங் வேறு

ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்ததும் செதில் போக ஷாட் பிளாஸ்டிங் செய்வார்கள். அது சுத்தம் செய்யும் வேலை. ஷாட் பீனிங் என்பது அளந்த பருமனுள்ள உருண்டைகளை, அளந்த வேகத்தில், அடி வளைவு முழுக்கப் படும்படி அடித்து அமுக்க அழுத்தத்தை ஆழமாக்குவது. "அதான் பிளாஸ்டிங் பண்ணிட்டோமே" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். பீனிங் செய்தார்கள் என்றால் ஆல்மன் ஸ்ட்ரிப் (அடியின் வலிமையை அளக்கும் மெல்லிய தகடு) ரீடிங் இருக்கும், கவரேஜ் (மேற்பரப்பில் அடிபட்ட பங்கு) எவ்வளவு என்று எழுதியிருக்கும். உருண்டையின் விட்டம் அடி வளைவின் ரேடியஸில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் வளைவின் அடி முழுக்கச் சரியாக அடிபடாது. மேலே சொன்ன உள் ஆக்சிடேஷன் படலத்தின் கேட்டையும் பீனிங் ஓரளவு ஈடுகட்டும். ஐ.எஸ்.ஓ. கணக்கில் எம்.க்யூ. தரத்துக்கு வளைவு பலத்தில் சுமார் 10 சதவீதம்தான் கூட்டிக்கொள்ள விடுகிறார்கள். பீனிங்கை நம்பிப் பல்லைச் சின்னதாக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள கியர்பாக்ஸில் இடம் இல்லை, சுமை மட்டும் கூடிவிட்டது என்ற நிலையில் பீனிங்குக்கு அர்த்தம் உண்டு.

படி 8: எதைச் சோதிக்க வேண்டும்

பல் நுனியில் ஒரு எச்.ஆர்.சி. புள்ளி எடுத்து "60 வந்துடுச்சு, ஓகே" என்பதுதான் வழக்கம். நுனி எப்போதும் நன்றாகக் குவெஞ்ச் ஆகும் இடம். அங்கே 60 வந்தால், அடி வளைவில் எவ்வளவு, எத்தனை ஆழம் என்று ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு ஃபர்னஸ் பேட்சிலும் அதே ஹீட் நம்பர் (ஆலையில் ஒரே தடவை உருக்கியது) ஸ்டீலில் ஒரு கூப்பன், அதாவது சோதனைத் துண்டு, போடச் சொல்லுங்கள். அது விரல் தடிமனில் இருந்தால் பயனில்லை. பல்லைப்போல அதுவும் மெதுவாகக் குளிர வேண்டும், ஆகவே மாட்யூலைப்போல ஆறு மடங்கு விட்டமாவது இருக்கட்டும். நமக்கு 24 மி.மீ. அதை அறுத்து, தோலிலிருந்து உள்ளே 0.1 மி.மீ. இடைவெளியில் மைக்ரோ விக்கர்ஸ் புள்ளிகள் எடுத்து வரைந்தால் கேஸ் ஆழம், தோல் கடினம், உள் கடினம் மூன்றும் ஒரே கோட்டில் தெரியும். மைக்ராஸ்கோப்பில் கார்பைடு வலை, ஆஸ்டனைட், ஆக்சிடேஷன் படலமும் பார்க்கலாம். பெரிய ஆர்டர் என்றால் ஒரு கியரையே பலி கொடுத்து, பல்லைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். கூப்பன் காட்டாததை அடி வளைவு காட்டும்.

எல்லாவற்றுக்கும் பணம் இருக்காது, தெரியும். நான் போடும் வரிசை இது. முதலில், செலவே இல்லாத இரண்டு வரி டிராயிங்கில்: ஹாப் முனை ரேடியஸ், கிரைண்டிங்குக்குப் பின் கேஸ் டெப்த். அடுத்து கூப்பன். கிரைண்டிங் உண்டென்றால் புரோட்டியூபரன்ஸ் ஹாப்பும் நைட்டல் எட்ச்சும். நல்ல டி.சி. உள்ள ஸ்டீல் நாலாவது. பீனிங், வேக்குவம் கார்பரைசிங், விலை உயர்ந்த நிக்கல் ஸ்டீல் எல்லாம் அதற்குப் பின்னால், உடைந்த பல்லைப் பார்த்த பிறகு, தேவை என்று அதுவே சொன்னால்.